பூமயில் வீட்டுத் தெற்குச் சுவர்

கமுதிக்குப் பக்கத்தில் மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் பூமயில். 1974-ஆம் வருஷம், இருபது வயதில், வாலிநோக்கத்துக்கு மேற்கே சடையன்வலசை என்ற சிறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் கூத்தையாவுக்கு உப்பளத்தில் வேலை. நல்ல உழைப்பாளி, பேச்சில் மட்டும் அவசரக்காரர்.

வந்த புதிதில் பூமயிலுக்குப் பிடிபடாமல் இருந்தது தண்ணீர்தான். அவள் பிறந்த ஊரில் தண்ணீர் கொஞ்சமாகக் கிடைக்கும், ஆனால் வாயில் வைக்க முடியும். இங்கே இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் போதும், கிணறு நிறைய ஊறும். வாயில் வைத்தால் கரிக்கும். குடிக்கவும் சோறு பொங்கவும் ஊருணித் தண்ணீர்தான். ஊருணி ஒன்றரைக் கல் தொலைவில் இருந்தது.

எட்டு வருஷம் பனையோலைக் குடிசையில் இருந்தார்கள். அந்த எட்டு வருஷத்தில் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. 1982-இல் மூன்றாவது தடவை உண்டானபோது, பிள்ளை பிறக்கும்போது காரை வீட்டில் பிறக்க வேண்டும் என்று கூத்தையா பிடிவாதமாகச் செங்கல் இறக்கினார். ஊர்க் கொத்தனார் பால்சாமிதான் சுவர் எழுப்பினார். அவர் மனைவி சோணையம்மாள் சித்தாளாக நின்று கலவை குழைத்தாள். கூத்தையா விடியுமுன் உப்பளத்துக்குப் போனால் வெயில் சாயும்போதுதான் வருவார். அதனால் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பது பூமயிலின் பொறுப்பு. ஊர்க்காரர் ஒருவர் பீப்பாய் வண்டியை இரவல் கொடுத்திருந்ததால் அது பெரிய பாடாக இல்லை.

மூன்று பக்கச் சுவரும் ஏறிவிட்டன. கடலைப் பார்த்த தெற்குச் சுவரில் வைக்க வேண்டிய சன்னல், தச்சரிடமிருந்து வரத் தாமதமானது. அதனால் அந்தச் சுவரைச் சன்னல் மட்டத்தோடு நிறுத்தியிருந்தார்கள். சன்னல் வந்த அன்றைக்குப் பீப்பாய் வண்டியின் அச்சு முறிந்தது.

சித்திரை மாசம். மழை பொய்த்த வருஷம். ஊருணி அடியில் கிடந்த தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் அள்ளிக் குடம் நிரப்ப வேண்டும், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். பூமயிலுக்கு ஏழாம் மாசம். முதல் நாள் கல் நனைக்க மூன்று நடை போய்வந்ததும் அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. முன்னால் இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. பனங்காட்டு ஓரத்தில், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், உப்புக்கிணறு இருந்தது. நாலாவது குடத்தை அங்கே மொண்டாள்.

சாரத்தின் மேல் நின்ற பால்சாமி கேட்டார். "ஏத்தா, இம்புட்டு வெரசா வந்துட்ட? ஊருணித் தண்ணிதான?"

"ஆமாண்ணே. இன்னைக்குக் கூட்டம் இல்ல."

சொன்னது அவ்வளவுதான். அவர் நம்பிக் கல்லை வைத்தார். அச்சை மாற்றி வண்டி வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் உப்புக்கிணற்றுத் தண்ணீர்தான். தெற்குச் சுவர் சன்னல் மட்டத்திலிருந்து கூரை வரைக்கும் அந்தத் தண்ணீரில்தான் ஏறியது. ஆனி மாசம் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. சேதுலட்சுமி என்று பெயர் வைத்தார்கள். பூச்சுக்கு வழியில்லாமல் செங்கல் தெரியவே குடிபோனார்கள்.

அடுத்த தை மாசம், மழையெல்லாம் ஓய்ந்து வாடைக்காற்றில் சுவர் காய்ந்தபோது, தெற்குச் சுவரில் வெள்ளை பூத்தது. செங்கல்லின் மேலும் இடுக்குகளிலும் மாவைத் தூவியது போல இருந்தது. பூமயில் வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளை சரியாகச் சன்னலின் அடிக்கட்டையில் ஆரம்பித்தது. அதற்குக் கீழே சுவர் சிவப்பாகவே இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

கூத்தையாவும் தொட்டு நக்கிப் பார்த்தார். உப்பிலேயே புழங்குகிறவர்.

"உப்புத்தான். பால்சாமி கடல் மண்ணைக் கலந்துட்டான் புள்ள. ஆத்து மணல் அடிச்சது பத்தலைன்னு ராவோட ராவா கடக்கரையில அள்ளியாந்திருக்கான்."

"அந்த அண்ணன் அப்படிச் செய்யிற ஆளில்லையே."

"பின்ன உப்பு எங்கன இருந்து வந்துச்சு? நீ சொல்லு."

குழந்தை அழுதது, பூமயில் உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வசவோடு முடிந்திருக்கும் என்று பின்னாளில் அவளே சொல்வதுண்டு.

கூத்தையா வாய் சும்மா இருக்கவில்லை. உப்பளத்தில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். கடலோரத்துக் கொத்தனார் மேல் இதைவிடக் கெட்ட பேச்சு வர முடியாது. பால்சாமி நேரில் வந்து, தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "தங்கச்சியைக் கேளுப்பா. அதுதான் முழுக்கக் கூட நின்னுச்சு, ஒரு கை கடல் மண்ணு வந்துச்சா?" என்றார். பூமயில் கதவுக்குப் பின்னால் நின்று, "எனக்குத் தெரிய வரலை" என்று மெதுவாகச் சொன்னாள். அது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் யாருக்கும் உதவவில்லை. அந்த வருஷம் ஊரில் கட்டிய இரண்டு வீட்டுக்கும் சாயல்குடியிலிருந்து கொத்தனார் வந்தார். பால்சாமி பரமக்குடிப் பக்கம் வேலைக்குப் போய், மாசம் ஒரு தடவை வீடு வருகிற ஆளானார். சோணையம்மாள் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூமயில் சுவரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். முதலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வெள்ளை மறைந்தது. அவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது. பத்து நாளில் காய்ந்ததும் முன்னைவிடக் கூடுதலாகப் பூத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கம்பி பிரஷால் சுரண்டினாள். கம்பி பட்ட இடமெல்லாம் செங்கல்லின் மேல்தோல் உரிந்து, பொடி கொட்டியது. அதைப் பார்த்ததும் கம்பியை விட்டெறிந்தாள்.

ஒரு நாள் மிளகாய்க் காடு ஞாபகம் வந்தது. அங்கே உவர் பூத்த வயலில் கொஞ்சமாகத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பு உள்ளே இறங்கி, காய்ந்ததும் திரும்ப மேலே ஏறிவரும். தான் சுவருக்குச் செய்ததும் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. வெளியே வந்த உப்பைத் தண்ணீர் விட்டுத் தானே உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். வெள்ளையடிக்கிற பனந்தும்பு பிரஷ் ஒன்றை வாங்கினாள். நன்றாக வெயில் ஏறி, சுவர் காய்ந்து கிடக்கும் நேரத்தில், மேலிருந்து கீழாக மெல்லத் தட்டித் தேய்ப்பாள். சுவர் ஓரத்தில் பழைய சேலையை விரித்து, உதிர்கிற பொடியை ஒரு துளி விடாமல் அள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவாள். மாசி, பங்குனி இரண்டு மாசமும் வாரத்தில் ஒரு நாள் இதே வேலை. கல் நனைகிறது என்று ஆட்டைக்கூடச் சுவரோரம் கட்ட விடமாட்டாள்.

"சொவத்துக்குப் பேன் பாக்குறியா?" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவிட்டுத் தேய்ப்பாள்.

இரண்டு வருஷத்தில் வெள்ளை பாதியாகக் குறைந்தது. அப்படியே விட்டிருந்தால் குறைந்துகொண்டே போயிருக்கும். ஆனால் கூத்தையாவுக்குப் பொறுமை இல்லை. 1985-இல், அவள் எவ்வளவு சொல்லியும் கேளாமல், சாயல்குடிக் கொத்தனாரைக் கூட்டிவந்து தெற்குச் சுவர் முழுக்கச் சிமெண்டுப் பூச்சு பூசினார். வீடே புதிதாகத் தெரிந்தது. முதல் மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மழைக்குப் பிறகு பூச்சு அங்கங்கே ஊதி நின்றது. தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் வந்தது.

1987 மாசியில் ஒரு காலை நேரம். சன்னலுக்கு மேல் இருந்த பூச்சு, ஒரு சுளகு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. சேதுலட்சுமி அப்போதுதான் அந்த இடத்தைவிட்டுக் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடியிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூமயில் விழுந்த சிமெண்டுப் பலகையைப் புரட்டிப் பார்த்தாள். அதன் முதுகில் செங்கல்லின் சிவப்புத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் கல் பல்லிளித்தது. வெளியே வர வழியில்லாத உப்பு உள்ளுக்குள்ளேயே இருந்து கல்லைத் தின்றிருக்கிறது.

அன்று சாயங்காலம் கூத்தையா கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் சொன்னாள்.

"இந்தச் சொவத்துக்கு நாலு நாளும் உப்புக்கெணத்துத் தண்ணிதான் ஊத்துனேன். பால்சாமி அண்ணன் கேட்டாரு. ஊருணித் தண்ணின்னு சொல்லிட்டேன்."

கூத்தையா முதலில் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு இம்புட்டு நாள் சொல்லலை?"

"முத நாளு பயம். பெறகு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீக. அதுக்குப் பெறகு சொன்னா உங்களுக்குந்தான அசிங்கம்னு இருந்துட்டேன்."

கூத்தையா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். கடைசியில், "சரி, விடு. அஞ்சு வருசமாச்சு. இனி யாரு இதைக் கேக்கப் போறா?" என்றார்.

"பால்சாமி அண்ணன் இன்னும் பரமக்குடியிலதான கெடக்காரு?"

கூத்தையா எழுந்து வாசலுக்குப் போனார்.

பங்குனிப் பொங்கலுக்குப் பால்சாமி ஊருக்கு வந்திருந்தார். பூமயில் தனியாக அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் சோணையம்மாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. பூமயில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். வயிற்றுப் பிள்ளையைக் காரணம் காட்டவில்லை. வண்டி முறிந்தது, கிணறு பக்கத்தில் இருந்தது, பொய் சொன்னேன், அவ்வளவுதான் சொன்னாள்.

பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்ப எடுத்து மடியில் வைத்தார். சோணையம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அந்தத் தண்ணியை நாந்தான ஊத்திக் கொழைச்சேன்? அப்ப உனக்கு ஏழு மாசம். எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை, முடியலக்கான்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நாலு கொடம் நானே தூக்கியாந்திருக்க மாட்டனா?"

பூமயிலுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பால்சாமி எழுந்தார். "எங்கிட்டச் சொல்லி என்னத்தா ஆவப்போகுது? நான் கடல் மண்ணு போடலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதவுங்ககிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துப் பூமயில் கிளம்பினாள். அந்தக் கடைக்குப் பெண்கள் தூக்குச் சட்டியில் டீ வாங்கிப்போக வருவார்கள், நின்று பேச மாட்டார்கள். கூத்தையா, "நீ வேணாம், நான் போறேன்" என்றார். "பொய் சொன்னது நான்" என்றாள். கடைசியில் இரண்டு பேருமாகப் போனார்கள்.

பெஞ்சுக்கு முன்னால் நின்று அவள் சொல்லி முடித்தாள். குரல் பெரிதாக எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, அதனால் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதாயிற்று. கூத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு, "கடல் மண்ணுன்னு சொன்னது நாந்தேன். பாக்காமச் சொன்னேன். பால்சாமி மேல தப்பில்ல" என்றார். யாரோ ஒருவர், "இதைச் சொல்லவா வேலையைப் போட்டுட்டு வந்தீக?" என்று கேட்டார். இன்னொருவர் சிரித்தார். கடைக்காரர் மட்டும் இரண்டு கிளாஸ் டீயை ஆற்றி அவர்கள் பக்கம் நகர்த்தினார். பூமயில் குடிக்காமல் வந்துவிட்டாள். அவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே, பால்சாமி கெட்ட பெயரோடு அலைந்த வருஷங்களை நினைத்தபோது அந்த நிம்மதி அவளுக்கு ஒட்டவில்லை.

நாலாம் நாள் பால்சாமி சாக்குப்பையில் சாமான்களோடு வந்து நின்றார். கூத்தையாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். சுவரைத் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார். பிறகு பூமயிலிடம் சொன்னார்.

"பூச்சு பூராவும் எறங்கணும். உளி சாய்ச்சுப் பிடிச்சுத் தட்டு. நேரா அடிச்சா கல்லும் வந்துரும்."

"நான் தட்டவா?"

"பின்ன? வேற யாரு தட்டுறது?"

பால்சாமி, சோணையம்மாள், பூமயில் மூன்று பேருமாக வேலையில் இறங்கினார்கள். பூச்சைத் தட்டி இறக்கிய பிறகு ஒரு மாசம் சுவரை வெறுமனே வெயிலில் காயவிட்டார்கள். உப்பு பூத்து வரவர, பூமயில் பனந்தும்பு பிரஷால் தட்டி எடுத்தாள். அவள் பொடியை அள்ளித் தூரக் கொட்டுவதைப் பார்த்த பால்சாமி, "இது யாரு சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லலை. காட்டுல உவரு அப்படித்தான" என்றாள். மறுநாள் அவரே சேலையை விரித்துப் போட்டார்.

பிறகு கல் இடுக்குகளில் இருந்த பழைய கலவையை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள். அரித்துப்போன செங்கற்களைப் பெயர்த்து, புதுக் கல் வைத்தார்கள். இடுக்கில் அடைக்கச் சிமெண்டு வேண்டாம் என்றார் பால்சாமி. கல்லைவிடக் கலவை கெட்டியாக இருந்தால் உப்பு கல் வழியாகத்தான் வரும், கல்தான் உதிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் சலித்த ஆற்று மணலும் கலந்து, இடுக்கை நனைத்து, கரண்டி நுனியால் அழுத்தி அடைத்தார்கள். ஒரு வாரத்துக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டார்கள். இந்தத் தடவை தண்ணீரைச் சோணையம்மாளும் பூமயிலும் ஆளுக்கொரு குடமாக ஊருணியிலிருந்து தூக்கிவந்தார்கள். ஒவ்வொரு குடம் வந்து இறங்கும்போதும் பால்சாமி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்துப் பூமயில் வருத்தப்படவில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை குடத்தின் பக்கத்திலேயே நிற்பாள்.

அடுத்த தையில் வெள்ளை கொஞ்சம் பூத்தது. அதற்கடுத்த தையில் அதைவிடக் குறைச்சல். அது முழுக்க ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் கல் உதிர்வது நின்றது.

பால்சாமி பரமக்குடி வேலையை விட்டார். சுவர் அரித்துப்போனவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கடலோரத்தில் அப்படிப்பட்ட வீட்டுக்குப் பஞ்சமில்லை. புதுச் சுவர் எழுப்புவதற்கு அவரும் சோணையம்மாளும் போவார்கள். பழைய சுவர் என்றால் பூமயிலையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மண்ணெண்ணெய்க் கரி படிந்த சுவர், பாசி பிடித்த வடக்குச் சுவர், மண் மூடி அடியில் ஈரம் ஏறிய சுவர், எல்லாவற்றிலும் அவள் கை வைத்தாள். எங்கே போனாலும் முதலில் ஒரு முழ அகலத்துக்குத் தேய்த்து, இரண்டு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சத்தைத் தொடுவாள்.

1994-இல் புதுமடத்தில் அப்துல் குத்தூஸ் என்பவர் வீட்டுக்குப் போனார்கள். சவூதியில் இருந்து சம்பாதித்து வந்தவர். பூச்சே இல்லாமல் செங்கல் தெரியும்படி ஆசையாகக் கட்டிய வீடு. கடல் காற்றில் அதுவும் பூத்துவிட்டது. அவசரத்தில் யாரையோ வைத்து ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார். இடுக்குக் கலவை அரித்து ஓட்டையாகி, கல்லில் மஞ்சள் தீற்றல் விழுந்திருந்தது.

"ஆசிட்டுல தண்ணி கூடிப்போச்சு. இன்னொரு தடவை வீரியமா ஊத்துங்க. அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன்" என்றார் அவர்.

பால்சாமி யோசித்தார். கொஞ்சமாக ஊற்றிப் பார்க்கலாமோ என்று அவருக்கே ஒரு சபலம். சுவரைத் தடவிக்கொண்டிருந்த பூமயில் திரும்பினாள்.

"வேணாங்க. ஊத்துன ஆசிட்டே இன்னும் உள்ள இருக்கு. நல்ல தண்ணி லாரி ரெண்டு சொல்லுங்க. தண்ணி தெளிவா வடியிற வரைக்கும் கழுவணும். கழுவிக் காயவச்சாத் திரும்ப வெள்ளை பூக்கும். அதைத் தட்டி எடுத்துட்டு இடுக்கை அடைக்கணும்."

"திரும்பப் பூக்குமா? ஏம்மா, நிக்காஹ் அன்னைக்கு வீடு வெள்ளையா நிக்கவா?"

"அன்னைக்குக் காலையில நான் வந்து தட்டித்தாரேன். பளபளன்னு இருக்காது. ஆனா பத்து வருசம் கழிச்சுச் சொவரு இருக்கும்."

குத்தூஸ் பால்சாமியைப் பார்த்தார். "என்ன கொத்தனாரே, நீங்க என்ன சொல்றீங்க?"

பால்சாமி சொன்னார். "அந்தம்மா சொல்றதைக் கேளுங்க பாய். சொவத்து விசயத்துல அதுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது."

பூமயில் சட்டென்று குனிந்து பிரஷில் ஒட்டிய தூசியை உதறினாள். டீக்கடைக்குப் போய்வந்து ஏழு வருஷம் ஆகியும், அந்த விஷயத்தைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நிக்காஹ் அன்று சுவர் முழுச் சுத்தமாக இல்லை. மேற்கு மூலையில் சாக்பீஸ் தடவியது போல லேசாக வெள்ளை தெரிந்தது. அங்கே பந்தல் துணியை இறக்கிக் கட்டிவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாசி பிறந்ததும் குத்தூஸ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும்.

2001-இல் கூத்தையா உப்பள வேலையை விட்டார். இரண்டு வருஷம் வீட்டில் இருந்து, நெஞ்சு வலியில் இறந்துபோனார். கடைசி வருஷங்களில் அவருக்குப் பொழுது போனதே சுவர் ஓரத்தில்தான். மழை பெய்து சுவர் அடியில் மண் சேர்ந்தால் மண்வெட்டியால் இழுத்துவிடுவார். யார் வீட்டு வேலையைப் பற்றியாவது ஊரில் பேச்சு வந்தால், "நமக்கென்ன தெரியும், பாத்தாத்தான தெரியும்" என்று எழுந்துவிடுவார். சேதுலட்சுமியை முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

பால்சாமிக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு சாரம் ஏறவில்லை. பூமயில் தன் தெருவில் இருந்த நாகலெட்சுமி என்ற பெண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறி உச்சிப்புளி, மண்டபம் வரைக்கும் போய் வேலை செய்தார்கள்.

2009 பங்குனியில் உச்சிப்புளியில் ஒரு வாத்தியார் வீட்டு முன்சுவர் வேலை. அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. முழங்கால் வலி இருந்ததால் மேல்வரிசையை நாகலெட்சுமியிடம் விட்டுவிட்டு, இடுப்பு மட்டத்துக்குக் கீழே அவள் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி இடுக்கை அடைத்து முடித்தார்கள். வாத்தியார் வெளியே வந்து, "இனிமே பூக்காதே?" என்று கேட்டார்.

"பூக்குங்க சார்" என்றாள் பூமயில். "அடுத்த வருசம் இதைவிடக் கொறைச்சுப் பூக்கும். தண்ணி ஊத்தாதீங்க. காஞ்ச பிரஷால தட்டுங்க. முடியலைன்னா சொல்லி அனுப்புங்க, நாங்க வாரோம்."

பிரஷ்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்கள். அவை காய்வதற்குள் வாத்தியார் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.